குழந்தைகள் இல்லத்துக்கு மாசாமாசம் அனுப்புறேன், கணக்கு கேட்டா விசுவாசக் குறைவுங்கிறாங்க, என்ன செய்றது?

சாயர்புரம்_பொண்ணு:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்க ரெண்டு வருஷமா படிச்சுட்டு மட்டும் போய்ட்டிருந்தேன், இன்னைக்குத்தான் முதல் தடவையா கேக்குறேன், நீளமா போச்சுன்னா மன்னிச்சுக்கோங்க.

எங்கம்மா டீச்சரா இருந்தவங்க. சம்பளம் வந்த அன்னைக்கே தசமபாகத்தை எடுத்து தனிக் கவர்ல வச்சிருவாங்க, அதுல ஒரு பங்கு கோயிலுக்கு, ஒரு பங்கு மிஷனரி ஊழியத்துக்கு, ஒரு பங்கு ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு மணியார்டர்ல போகும். இல்லத்துல இருந்து நம்பர் போட்ட ரசீது வரும், அதை ஒரு பிஸ்கட் டப்பால போட்டு வைப்பாங்க. 2018ல அம்மா போன பிறகு அந்த டப்பாவைத் திறந்து பாத்தா 1987ல இருந்து ஒண்ணு விடாம அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்காங்க. முதல் ரசீது 15 ரூபாய்க்கு. அன்னைக்கே நான் முடிவு பண்ணிட்டேன், அம்மா விட்ட இடத்துல இருந்து நான் அனுப்புறதுன்னு. இப்ப மாசம் 2,500 போகுது. 2019 கிறிஸ்மஸ் நேரத்துல பொம்பளப் புள்ளைங்களுக்கு புது விடுதி கட்டுறோம்னு கேட்டாங்க, அப்ப போனஸ் வந்திருந்துச்சு, 50,000 குடுத்தேன்.

இப்ப என் சங்கடம் என்னன்னா, அந்த நம்பர் போட்ட ரசீது எப்பவோ நின்னு போச்சு, பணம் போட்டா வாட்ஸப்ல ஒரு வசனப் படம் வரும், அவ்ளோதான். ஜிபேக்குக் குடுத்திருக்கிற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணா இல்லத்தோட பேர் வரல, நிறுவனரோட மகன் பேர் வருது. போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போற வழியில சொல்லாம கொள்ளாம இறங்கிப் பாத்தேன். புள்ளைங்க நல்லா இருக்காங்க, தலைக்கு எண்ணெய் வச்சு, சாயங்காலம் சுண்டல் சாப்பிட்டுட்டு இருந்தாங்க, அதுல எனக்குக் குறையே இல்ல. ஆனா அந்த விடுதி தூண் மட்டத்தோட நிக்குது, மேல நீட்டிக்கிட்டு இருக்கிற கம்பியெல்லாம் துருப்பிடிச்சு செம்மண் நிறத்துல இருக்கு, ரெண்டு கம்பிக்கு நடுவுல கயிறு கட்டி யூனிஃபார்ம் காயப்போட்டிருக்காங்க. பொறுப்பா இருக்கிற சிஸ்டர் டீ போட்டுக் குடுத்தாங்க, அவங்க முகத்தைப் பாத்து எனக்குக் கேக்க வாய் வரல.

வீட்டுக்கு வந்து அவங்க வாட்ஸப் குரூப்ல மரியாதையாத்தான் கேட்டேன், கட்டட நிதிக் கணக்கு அனுப்ப முடியுமான்னு. மகன் பதில் போட்டாரு, வலது கை செய்றது இடது கைக்குத் தெரியக்கூடாதுன்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு, கணக்கை அவர் பாத்துக்குவாருன்னு. குரூப்ல இருந்த இன்னொருத்தங்க இது விசுவாசக் குறைவுன்னு எழுதிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி முழுக்கத் தூங்கல. பணத்தை நிறுத்தவும் மனசு இல்ல, 26 புள்ளைங்க சாப்பிடுறாங்க. கண்ணை மூடிக்கிட்டு அனுப்பவும் மனசு ஒப்பல, அது அம்மாவோட காசு மாதிரி எனக்கு. நான் கேட்டது தப்பா? தப்பில்லன்னா எந்தெந்தப் பேப்பரைக் கேக்கணும், எப்படிக் கேக்கணும்?

ஆடிட்டர்_ஆபீஸ்_ஆள்:

சிஸ்டர், இல்லத்தோட பேரைப் போடாம கேட்டது நல்லது, அப்படியே விட்டுருங்க. நான் மதுரைல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல 19 வருஷமா இருக்கேன், நாங்க பாக்குற டிரஸ்ட்லயும் சொசைட்டிலயும் பாதி கிறிஸ்தவ ஸ்தாபனங்கள்தான், அதனால தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல அந்த க்யூஆர் கோடு, மத்ததெல்லாம் அப்புறம். இன்னைல இருந்து அதுல ஒரு ரூபா போடாதீங்க. தனி ஆளோட அக்கவுண்ட்ல விழுற பணத்தை முதல் பார்வையில அந்த ஆளோட பணமாத்தான் எடுத்துக்குவாங்க. அவரு தங்கமான மனுஷனாவே இருக்கட்டும், நாளைக்கு அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா அது அவரோட வாரிசுக்குப் போகும், அவரு எதுலயாவது லோன் வாங்கிக் கட்டலன்னா பேங்க் பிடிச்சுக்கும், வருமான வரி நோட்டீஸ் வந்தா அவரு பதில் சொல்லி மாளாது, இதுல எதுலயும் இல்லம் போய் இது எங்க காசுன்னு நிரூபிக்கப் படாத பாடு படணும். டிரஸ்ட் பேர்ல இருக்கிற பேங்க் அக்கவுண்ட் நம்பர் கேளுங்க, அதுக்கு மட்டும் அனுப்புங்க.

அடுத்து ரசீது. இல்லத்துக்கு வருமான வரி விலக்குக்கான 12ஏபி பதிவும், குடுக்குறவங்களுக்கு வரிக் கழிவு கிடைக்கிற 80ஜி அனுமதியும் இருக்கான்னு கேளுங்க. 80ஜி இருந்தா, வருஷா வருஷம் மே 31க்குள்ள அவங்க வருமான வரி போர்ட்டல்ல 10பிடின்னு ஒரு ஸ்டேட்மென்ட் போடணும், உங்க பான் நம்பர், தொகை, எந்த மாதிரி நன்கொடை எல்லாம் அதுல இருக்கும். அதைப் போட்டாத்தான் உங்க பேர்ல 10பிஈ சர்டிபிகேட் இறங்கும். 2021-22ல இருந்து இதான் நடைமுறை. நீங்க நியூ ரெஜீம்ல வரி கட்டுறவங்கன்னா 80ஜி கழிவு கிடைக்காது, இருந்தாலும் 10பிஈ கேட்டு வாங்குங்க, உங்க காசு அவங்க கணக்குல ஏறுச்சுங்கிறதுக்கு அதைவிட நல்ல சாட்சி இல்ல. கேஷா குடுத்தா 2,000க்கு மேல 80ஜி செல்லாதுங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. 2025ல நிறைவேத்துன புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1ல இருந்து அமல், அதுல செக்ஷன் நம்பரெல்லாம் வேற, நான் எல்லார் வாயிலயும் பழகுன பழைய நம்பரைத்தான் சொல்றேன்.

இப்ப கணக்கு. வருமானம் வரி வரம்பைத் தாண்டுன எந்த 12ஏபி ஸ்தாபனமும் ஆடிட் பண்ணியே ஆகணும். வருமானம் 5 கோடிக்கு மேலன்னா, இல்ல வெளிநாட்டுப் பணம் வாங்குனா ஆடிட் ரிப்போர்ட் 10பி ஃபாரம்ல, மத்தவங்களுக்கு 10பிபில. அதனால "எங்ககிட்ட கணக்கு இல்ல"ன்னு சொல்ல வழியே கிடையாது, இருக்கிறதை ஒரு காப்பி எடுத்துக் குடுக்கத்தான் நீங்க கேக்குறீங்க. அந்த ரிப்போர்ட்ல நிர்வாகிகளுக்கும் அவங்க சொந்தக்காரங்களுக்கும் சம்பளம், வாடகை, கடன்னு என்ன போச்சுன்னு ஆடிட்டர் சொல்லியிருக்கணும். நிர்வாகி சம்பளம் வாங்குறது குத்தம் இல்ல, செய்ற வேலைக்கு நியாயமான சம்பளம்னா சட்டமே ஒத்துக்குது, மறைச்சா மட்டும்தான் பிரச்சனை.

பேலன்ஸ் ஷீட் கைக்கு வந்தா எல்லாத்தையும் படிக்க வேண்டாம். பொறுப்புகள் பக்கம் கட்டட நிதின்னு எவ்ளோ இருக்கு பாருங்க, சொத்துப் பக்கம் நடந்துக்கிட்டிருக்கிற கட்டட வேலைன்னு எவ்ளோ, பேங்க்லயும் டெபாசிட்லயும் எவ்ளோன்னு பாருங்க. இந்த ரெண்டையும் கூட்டுனா கிட்டத்தட்ட அந்த நிதிக்கு ஈடாகணும். ஈடாகலன்னா நடுவுல இருக்கிற தொகை எங்க உக்காந்திருக்குன்னு தேடுங்க, முன்பணம், கடன்னு ஏதாவது ஒரு தலைப்புல இருக்கும். இடம் யார் பேர்ல இருக்குங்கிறதும் முக்கியம், சர்வே நம்பர் தெரிஞ்சா பதிவுத்துறை வெப்சைட்லயே வில்லங்கம் பாத்துரலாம். நிறுவனரோட சொந்த இடத்துல டிரஸ்ட் காசுல கட்டடம் எழும்புற கதையை நான் பல தடவை பாத்துட்டேன்.

இது குழந்தைகள் இல்லம்ங்கிறதால இன்னொண்ணும் இருக்கு. 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி அரசுப் பணம் வாங்கினாலும் வாங்காட்டியும் எல்லா இல்லமும் பதிவு பண்ணியிருக்கணும். பதிவு சர்டிபிகேட் காப்பி கேளுங்க. சந்தேகம்னா மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல விசாரிக்கலாம்.

கேக்குற விதம்: வாட்ஸப் குரூப் வேண்டாம், எல்லார் முன்னாடியும் கேட்டா நல்லவங்களும் முறுக்கிக்குவாங்க. ஸ்பீட் போஸ்ட்ல ஒரு லெட்டர் போடுங்க, இப்படி எழுதுங்க: "என் தாயார் காலம் முதல் தங்கள் இல்லத்துக்குக் காணிக்கை அனுப்பி வருகிறோம். தொடர்ந்து அனுப்பவும் விரும்புகிறேன். 2019இல் கட்டட நிதிக்கு 50,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்கும், கட்டட நிதியின் வரவு செலவும், இல்லத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு விவரமும் அனுப்பித் தந்தால் நன்றியாயிருப்பேன்." இதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். ஒரு மாசம் டைம் குடுங்க.

பழைய_பொருளாளர்:

தங்கச்சி, நீ கேட்டது தப்பே இல்ல. நாசரேத் பக்கம் சில சபைகள் சேந்த ஒரு சேகரத்துல பத்து வருஷம் பொருளாளரா இருந்தவன் சொல்லுதேன்.

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் காணிக்கைப் பையை வெஸ்ட்ரி மேசையில வெள்ளைத் துணி விரிச்சு அதுல கொட்டுவோம். கமிட்டி ஆள் ரெண்டு பேர், நான், கோயில்பிள்ளை. நோட்டைத் தனியா, பத்து ரூபா காசைத் தனியா, அஞ்சைத் தனியா அடுக்கி, கவர்ல பேர் எழுதிப் போட்டதை எல்லாம் பிரிச்சு பேருக்கு நேரா குறிச்சு, எத்தனை 500, எத்தனை 100ன்னு சீட்டுல எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பெட்டியைப் பூட்டுவோம். ஒரு தடவை சீட்டுக்கும் பணத்துக்கும் 70 ரூபா இடிச்சுது. நாலு தடவை எண்ணியாச்சு. மணி ரெண்டு ஆயிருச்சு, வீட்டுல சோறு ஆறுது, நானே போட்டுருதேன் விடுங்கன்னு சொன்னேன், அப்ப எங்க குருவானவர் அங்கனயே ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டாரு. நீரு போட்டா அது உம்ம காணிக்கையா இருக்கும், அந்த 70 ரூபா யாரோ ஒருத்தர் கர்த்தருக்குக் குடுத்தது, அதைக் கண்டுபிடியும்னாரு. கடைசியில ஒரு கவரோட மடிப்புக்குள்ள அம்பதும் இருபதும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இத்தனை வருஷம் ஆகியும் அந்த மத்தியானம் எனக்கு மறக்கல.

கோயில் விருந்தான அசனம் முடிஞ்ச மறு வாரம் கணக்கை எழுதி கோயில் தெக்கு வாசல்ல ஒட்டுவோம், எத்தனை மூடை அரிசி, நேர்ச்சைக்கு வந்த ஆடு எத்தனை, மிளகாய்த்தூள் எவ்வளவு, கறிவேப்பிலை 140 ரூபாங்கிறது வரைக்கும் இருக்கும். 50 ரூபா குடுத்த ஒரு பாட்டி வரிசை வரிசையா விரலை வச்சுத் தேடிக்கிட்டு வந்து தன் பேர் மேல விரல் நின்னதும் ஒரு நிமிஷம் அப்படியே நின்னாங்க. கணக்கு எழுதுறது எவ்வளவு பெரிய ஊழியம்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

நம்ம பக்கத்துக்கு இது புதுசும் இல்ல. 1903ல பாளையங்கோட்டையில இந்தியன் மிஷனரி சொசைட்டி ஆரம்பிச்சப்ப வெள்ளைக்காரன் காசு வேண்டாம், நம்ம காசுல நம்ம ஆளை அனுப்புவோம்னுதான் பின்னாடி பிஷப் ஆன அசரியாவும் மத்தவங்களும் ஆரம்பிச்சாங்க, அந்தக் காசுலதான் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் போச்சு. கைப்பிடி அரிசி எடுத்து வச்சு அதை வித்துக் குடுத்த பொம்பளைகளோட காசு அது. அந்த அரிசிக்குக் கணக்கு சொல்லாம நம்ம பெரியவங்க யாரும் ஊழியம் நடத்தல.

ஜெபக்கூடாரம்:

எல்லாரும் சொல்றது சரிதான், ஆனா ஒரு விஷயத்தை யோசிங்க. இப்ப காலம் எப்படி இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். 2024ல மட்டும் வேர்ல்டு விஷன் இந்தியா, காசாங்கிற (CASA) சபைகளோட சேவை அமைப்பு, வட இந்தியத் திருச்சபையோட (சிஎன்ஐ) சமூக சேவை வாரியம்னு வரிசையா வெளிநாட்டு நன்கொடை வாங்குறதுக்கான எஃப்சிஆர்ஏ பதிவை மத்திய அரசு ரத்து பண்ணுச்சு. இந்த நேரத்துல நாமளே பொது இடத்துல கணக்கு கணக்குன்னு பேசுனா நம்ம மேல கல்லெறியக் காத்துக்கிட்டு இருக்கிறவங்களுக்கு நாமளே கல்லை எடுத்துக் குடுத்த மாதிரி ஆகாதா? தப்பு செய்றவங்க பத்துப் பேர்னா, பேரும் தெரியாம கிராமத்துல குஷ்டரோகிகளுக்கும் ஆதரவத்த புள்ளைங்களுக்கும் உழைக்கிறவங்க நூறு பேர் இருக்காங்க, அவங்க மேலயும் சேர்த்துத்தான் சந்தேகம் விழுது. வேதத்துலயே 2 இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்துல ஆலயத்தைப் பழுதுபார்த்த வேலைக்காரங்ககிட்ட கணக்கு கேக்கல, அவங்க உண்மையா நடந்தாங்கன்னு இருக்கே. ஊழியர்களை நம்பணும்னு நான் நினைக்கிறேன். சண்டைக்குச் சொல்லல, பாரத்தோட சொல்றேன்.

பழைய_பொருளாளர்:

தம்பி, உங்க பாரம் எனக்குப் புரியுது, அந்தப் பயம் எனக்கும் இருக்கு. ஆனா அந்த அதிகாரத்தை மேல இருந்து படிங்க. யோவாஸ் ராஜா ஆலயத்தைப் பழுதுபாருங்கன்னு பணத்தை ஆசாரியர்கள் கையில விட்டாரு, 23ஆம் வருஷம் வரைக்கும் ஒரு வேலையும் நடக்கல. அப்புறம்தான் யோய்தா ஒரு பெட்டியை எடுத்து மூடியில துவாரம் போட்டு பலிபீடத்துப் பக்கத்துல வச்சாரு. பெட்டி நிறைஞ்சா ராஜாவோட கணக்கரான சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணி முடிச்சுக் கட்டுவாங்க. ஒருத்தர் கோயில் ஆள், ஒருத்தர் அரமனை ஆள். அந்த ஏற்பாடு எல்லாம் நடந்து முடிஞ்ச பிறகு வர்ற வசனம்தான் நீங்க சொல்றது. எண்ணி, கட்டி, ஆள் கையில குடுத்தாச்சு, அப்புறம் தச்சன்கிட்ட ஆணிக்குக் கணக்கு கேக்கல. எஸ்றா 8லயும் பாருங்க, வெள்ளியையும் பொன்னையும் பன்னெண்டு ஆசாரியர் கையில நிறுத்துக் குடுக்காரு, எருசலேமுக்குப் போய்ச் சேந்ததும் திரும்ப நிறுத்து எழுதி வைக்காங்க. எஸ்றா அவங்களை நம்பாம நிறுத்தாருன்னு யாராவது சொல்லுவாங்களா.

டல்லாஸ்_வாசி:

ஜெபக்கூடாரம் பிரதர் சொன்ன கல்லெறியிற விஷயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்றேன், ஏன்னா இங்க நடந்ததைப் பாத்தவன். கல்லு எங்க இருந்து வரும்னா, வீட்டுக்குள்ள கேட்ட கேள்விக்கு வீட்டுக்குள்ளயே பதில் சொல்லாம விட்டா அது கோர்ட்டுல இருந்து வரும்.

அமெரிக்காவுல சர்ச்சுகள் அரசாங்கத்துக்கு ஃபாரம் 990ங்கிற வருஷாந்திரக் கணக்கு குடுக்க வேண்டியதில்ல, விலக்கு இருக்கு. அதனாலதான் 1979ல கிறிஸ்தவ ஸ்தாபனங்களே சேர்ந்து ஈசிஎஃப்ஏன்னு ஒரு அமைப்பு வச்சாங்க. அதுல சேரணும்னா நிர்வாகக் குழுவுல குறைஞ்சது 5 பேர் இருக்கணும், அதுல பெரும்பாலானவங்க சொந்தக்காரங்களாவோ சம்பளக்காரங்களாவோ இருக்கக்கூடாது, எழுத்துல கேட்டவங்களுக்குக் கணக்கு காப்பி குடுக்கணும், ஒரு காரியத்துக்குன்னு வாங்குன காசை அதுக்குத்தான் செலவு பண்ணணும். டெக்சாஸை மையமா வச்சு இந்தியாவுக்குன்னு பணம் திரட்டுன காஸ்பல் ஃபார் ஏஷியா அதுல உறுப்பினரா இருந்துச்சு, 2015 அக்டோபர்ல ஈசிஎஃப்ஏ அவங்களை நீக்குச்சு. அடுத்து, கிணறு வெட்டுறதுக்கும் ஊழியர்களுக்கும்னு நாங்க குடுத்த காசு அதுக்குப் போகலன்னு நன்கொடையாளர்கள் ஆர்கன்சாஸ் ஃபெடரல் கோர்ட்டுல வழக்கு போட்டாங்க. தப்பு செஞ்சதா ஸ்தாபனம் ஒத்துக்கல, ஆனா 2019ல 3 கோடியே 70 லட்சம் டாலருக்கு சமரசம் ஆச்சு. அதைக் கேட்டவங்க யாரும் வெளியாள் இல்ல, முழங்கால்ல நின்னு ஜெபிச்சுக் காசு குடுத்தவங்கதான். அவங்க முதல்ல கேட்டது பணத்தைத் திருப்பிக் குடுன்னு இருந்திருக்காது, நான் குடுத்த கிணறு எங்கன்னுதான் இருந்திருக்கும்னு நான் நம்புறேன்.

வார்டன்_அக்கா:

நான் அந்தப் பக்கத்துல இருந்து பேசுறேன். எங்க மாமனார் ஆரம்பிச்ச சின்ன இல்லம், 31 புள்ளைங்க, இப்ப நானும் எங்க வீட்டுக்காரரும் பாக்குறோம். சாயர்புரம் சிஸ்டர் மாதிரி ஒரு லெட்டர் எங்களுக்கு வந்தா நான் சந்தோஷப்படுவேன், சத்தியமா. ஏன்னா கணக்கைப் படிக்கிற ஆளுக்குத்தான் எங்க கஷ்டமும் தெரியும்.

பிறந்தநாளுக்கு பிரியாணி குடுக்க, கேக் வெட்டி ஃபோட்டோ எடுக்க ஆள் வந்துக்கிட்டே இருப்பாங்க, ஒரே ஞாயித்துக்கிழமை மூணு பிரியாணி வந்து ராத்திரி புள்ளைங்களுக்கு வயிறு சரியில்லாமப் போன கதையும் இருக்கு. ஆனா சமையல்காரம்மாவுக்கு சம்பளம், செப்டிக் டேங்க் கிளீன் பண்றது, ஆடிட்டர் ஃபீஸ், கணக்கு எழுதுற பொண்ணுக்கு மாசம் 9,000, இதுக்குன்னு ஒருத்தர்கூட குடுத்தது கிடையாது. நிர்வாகச் செலவுன்னு சொன்னாலே முகம் மாறிருது. கணக்கு வேணும்னு கேக்குறவங்க கணக்கு எழுதுற ஆளுக்கும் கொஞ்சம் குடுங்க, இதை நான் கையைக் கூப்பிக் கேக்குறேன்.

எங்களுக்கு நேரடியா எஃப்சிஆர்ஏ கிடையாது, ஒரு பெரிய ஸ்தாபனம் வெளிநாட்டுல இருந்து வாங்கி எங்களை மாதிரி சின்ன இல்லங்களுக்குப் பிரிச்சுக் குடுப்பாங்க. 2020 செப்டம்பர்ல சட்டத்தைத் திருத்தி அப்படி மாத்திக் குடுக்கவே கூடாதுன்னுட்டாங்க, நிர்வாகச் செலவு வரம்பையும் 50 சதவீதத்துல இருந்து 20க்கு இறக்கிட்டாங்க. எங்க வரவுல பாதி ஒரே நாள்ல நின்னுச்சு. அன்னைக்கு எங்களைக் காப்பாத்துனது எது தெரியுமா, எங்க மாமனார் சாப்பாட்டு ரூம் சுவத்துல மாசாமாசம் ஒட்டிக்கிட்டு வந்த ஒரு பக்கக் கணக்கு. அரிசி எவ்ளோ, கேஸ் எவ்ளோ, பள்ளிக்கூட ஃபீஸ் எவ்ளோன்னு. அதை ஃபோட்டோ எடுத்து உள்ளூர்ல தெரிஞ்சவங்க எல்லாருக்கும் அனுப்புனோம், இவ்ளோ குறையுதுன்னு. வேற ஒரு வார்த்தை எழுதல. பக்கத்து ஊர் அரிசி மில்காரர், அவரு கிறிஸ்தவரே இல்ல, மூணு மாசத்துக்கு அரிசி என் பொறுப்புன்னாரு.

துபாய்_பாஸ்கா:

குறுக்க ஒரு கேள்வி, நான் துபாய்ல வேலை பாக்குறேன், இந்திய பாஸ்போர்ட்தான். எஃப்சிஆர்ஏ இல்லாத இல்லத்துக்கு நான் இங்க இருந்து அனுப்புனா அவங்களுக்குப் பிரச்சனையாகுமா?

ஆடிட்டர்_ஆபீஸ்_ஆள்:

இந்தியக் குடிமகனா நீங்க உங்க சொந்த சம்பாத்தியத்துல இருந்து முறையான பேங்க் வழியா அனுப்புறது வெளிநாட்டு நன்கொடைக் கணக்குல வராது, என்ஆர்ஐயா இருந்தாலும். பாஸ்போர்ட் காப்பி ஒண்ணு இல்லத்துக்குக் குடுத்து வைங்க. ஆனா உங்க ஃப்ரெண்ட் வேற நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தா, ஓசிஐ கார்டு வச்சிருந்தாலும், அவரு குடுக்குறது வெளிநாட்டுப் பணம்தான், எஃப்சிஆர்ஏ பதிவு இருக்கிற ஸ்தாபனம் டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் அக்கவுண்ட்லதான் வாங்கணும். நாலு பேர் சேந்து காசு திரட்டி ஒருத்தர் பேர்ல அனுப்பாதீங்க, மாட்டிக்கிறது இல்லம்தான்.

வெளிநாட்டுப் பணம் வாங்குற ஸ்தாபனங்களோட வருஷாந்திரக் கணக்கை முன்னாடி உள்துறை வெப்சைட்லயே யார் வேணா பாக்கலாம், 2022 ஜூலைல அதை எடுத்துட்டாங்க. அதனால இனி நல்ல ஸ்தாபனங்கள் தாங்களாவே வெப்சைட்ல போடுறதுதான் வழி.

சாயர்புரம்_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அஞ்சு வாரம் கழிச்சு வந்து எழுதுறேன். ஆடிட்டர் ஆபீஸ் அண்ணன் சொன்ன மாதிரியே எழுத்து மாறாம லெட்டர் போட்டேன். இருபத்தி ரெண்டாவது நாள் ஒரு கனமான கவர் வந்துச்சு, மகன் அனுப்பல, அந்தப் பொறுப்பு சிஸ்டர் அனுப்பியிருந்தாங்க. மூணு வருஷத்து பேலன்ஸ் ஷீட், 10பிபி, இளைஞர் நீதிச் சட்டப் பதிவு, எல்லாம் இருந்துச்சு. இடம் டிரஸ்ட் பேர்லதான் இருக்கு, வில்லங்கம் போட்டுப் பாத்துட்டேன்.

கட்டட நிதி 11,40,000 காட்டியிருக்காங்க. கட்டட வேலைன்னு 4,15,000. பேங்க்ல 62,000. மீதியைக் காணோம். அண்ணன் சொன்ன மாதிரி தேடுனேன், தனித் தலைப்புல எங்கயும் இல்ல. சிஸ்டருக்கே போன் பண்ணேன். ரொம்ப நேரம் பேசல, அப்புறம் அழுதுட்டாங்க. 2020ல ஊரடங்கு வந்ததும் காசு வர்றது அப்படியே நின்னு போச்சாம், வீடு இருக்கிற புள்ளைங்களை அனுப்பிட்டாங்க, போறதுக்கு இடம் இல்லாத ஒன்பது பேர் அங்கயே இருந்திருக்காங்க, அனுப்புன புள்ளைங்க வீட்டுக்கும் அரிசி பருப்பு அனுப்பியிருக்காங்க, வேலையாட்கள் சம்பளம், எல்லாம் கட்டட நிதில இருந்து எடுத்துத்தான். அந்த வருஷமே நிறுவனர் பெரியவரும் இறந்துட்டாரு, பேங்க்ல கையெழுத்துப் போடுறவரு அவரு ஒருத்தர்தான், மாத்துறதுக்கு மாசக்கணக்கா ஆனதால மகன் அக்கவுண்ட்ல வாங்க ஆரம்பிச்சது, அதுக்கப்புறம் அதை யாரும் மாத்தல. எழுதி வச்சிருக்கீங்களான்னு கேட்டேன். மூணு லாங் சைஸ் நோட்டு இருக்கு சிஸ்டர், நாள் வாரியா, வந்து பாருங்கன்னாங்க. இதை ஏன் எங்களுக்கு அப்பவே சொல்லலன்னு கேட்டேன். கட்டடம்னு குடுத்தவங்ககிட்ட சோத்துக்கு எடுத்துட்டோம்னு எப்படிச் சொல்றதுன்னு வெக்கமா இருந்துச்சுன்னாங்க.

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. 2020ல எனக்கு ஒரு போன் பண்ணி இப்படி இருக்கு, அந்தக் காசை அரிசிக்கு எடுத்துக்கலாமான்னு கேட்டிருந்தா நான் ஒரு நொடி யோசிச்சிருக்க மாட்டேன், எங்கம்மாவும் யோசிச்சிருக்க மாட்டாங்க. கேக்காம எடுத்ததுலதான் எனக்கு இன்னும் வலிக்குது, ஆனா அந்த ஒன்பது புள்ளைங்க முகமும் கண்ணு முன்னாடி வருது. வர்ற சனிக்கிழமை போறேன், நோட்டைப் பாக்க. அண்ணே, இதை இப்ப எப்படிச் சரி பண்றது?

ஆடிட்டர்_ஆபீஸ்_ஆள்:

சரி பண்ணலாம், ஆனா வாய் வார்த்தையில பண்ணாதீங்க. டிரஸ்டிகள் கூடி, கட்டட நிதில இருந்து இந்தத் தேதில இருந்து இந்தத் தேதி வரைக்கும் இவ்ளோ எடுத்தோம், இந்தக் காரணத்துக்குன்னு தீர்மானம் போடட்டும். அதை வச்சு கட்டடத்துக்குக் குடுத்த எல்லாருக்கும் லெட்டர் போகணும், சம்மதமா, இல்ல திரும்ப கட்டட நிதில சேர்க்கணுமான்னு கேட்டு. உங்க சம்மதத்தைத் தேதி போட்டு எழுத்துல குடுங்க. அந்த மூணு நோட்டையும் அவங்க ஆடிட்டர்கிட்ட குடுத்து பில்லோட ஒத்துப் பாக்கச் சொல்லுங்க, பில் இல்லாத செலவு இருக்கும், அதைத் தனியா எழுதிக் காட்டட்டும், மறைக்க வேண்டாம். மகன் அக்கவுண்ட்ல இதுவரைக்கும் விழுந்தது எவ்ளோ, இல்லத்துக்குப் போனது எவ்ளோன்னு பேங்க் ஸ்டேட்மென்ட்டோட வரணும், இதுல மட்டும் விட்டுக்குடுக்காதீங்க. பேங்க் அக்கவுண்ட்ல ரெண்டு பேர் சேந்து கையெழுத்துப் போடுற மாதிரி மாத்தச் சொல்லுங்க, அதுல ஒருத்தர் குடும்பத்து ஆளா இருக்கக்கூடாது.

நோட்டு பாக்கப் போறப்ப ஒரு கொத்தனாரையும் கூட்டிட்டுப் போங்க. அந்தக் கம்பியில இருக்கிற துருவைத் தேய்ச்சு எடுத்துட்டு சிமென்ட் பால் பூசி வைக்கச் சொல்லுங்க, இந்த மழையையும் அப்படியே விட்டா தூணையே இடிச்சுட்டுத்தான் கட்ட வேண்டி வரும். யூனிஃபார்ம் காயப்போட வேற இடத்துல ஒரு கொடி கட்டிக் குடுத்துருங்க.